படத்தின் கீழ்ப்பாதி

ஆறாம் வகுப்பில் என் கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டது 'சோவியத் நாடு' பத்திரிகையின் ஒரு பக்கத்தில். அப்போது எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருடைய நோட்டுக்கும் அதே காகிதம்தான். வழவழவென்று கனமாக இருக்கும், லேசில் கிழியாது. சிலருக்கு டிராக்டர் வந்தது, சிலருக்கு ராக்கெட் வந்தது, எனக்கு ஒரு ஓவியம் வந்தது. வளைந்து நெளிந்த மெலிந்த மரங்கள், கிளைகளில் கூடுகள், கூட்டைச் சுற்றிக் கருப்புப் பறவைகள், பின்னால் ஒரு மரவேலி, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சர்ச் கோபுரம். கீழே சின்ன எழுத்தில் என்னவோ போட்டிருந்தது, மடித்து ஒட்டியதில் அது உள்ளே போய்விட்டது.

அப்பா சர்வேயர். பகல் முழுக்கச் செயின் பிடித்து வரப்பு வரப்பாக நடந்துவிட்டு, ராத்திரி எஃப்.எம்.பி. என்கிற நில அளவைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவார். பக்கத்தில் உட்கார்ந்து நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். ஒருநாள் என் நோட்டு அட்டையையே பார்த்துக்கொண்டு இருந்தவர், "ஏட்டி, இதுல தண்ணி எந்தப் பக்கமா வாட்டம்னு சொல்லு பாப்போம்" என்றார். அந்தப் படத்தில் தண்ணீர் இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. நான் பறவைகளையும் கோபுரத்தையும்தான் பார்த்துக்கொண்டு இருந்தேன். "மேல பாக்காத, கீழ பாரு" என்று விரல் வைத்துக் காட்டினார். வலது ஓரத்தில், மரங்களுக்கு அடியில், உருகிய தண்ணீர் குட்டையாகத் தேங்கி நின்றது. மீதித் தரை முழுக்கப் பனி, அதுவும் மிதித்துக் குழம்பிப்போன அழுக்குப் பனி. "இது பனி முடியிற நேரம். இன்னும் பத்து நாள்ல இங்கன கால் வைக்க முடியாது, ஒரே சகதியா இருக்கும்" என்றார். அப்பா ரஷ்யாவைப் பார்த்ததில்லை, பனியையும் பார்த்ததில்லை. தரையைப் பார்க்கத் தெரிந்தவர்.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஓவியங்களைப் பற்றி அதற்குப் பிறகு கொஞ்சம் படித்தேன், நிறையப் பார்த்தேன். ஆனாலும் ஒரு நிலக்காட்சி ஓவியத்தின் முன்னால் போய் நின்றால் இன்றைக்கும் என் கண் முதலில் கீழே போய்த்தான் மேலே வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்ய ஓவியங்களை அப்படிப் பார்த்தால் கிடைப்பது ஏராளம். ரொம்ப நாளாக எழுத நினைத்த பதிவு இது.

முதலில் அந்த நோட்டு அட்டை. அது அலெக்சேய் சவ்ராசோவ் வரைந்த 'காகங்கள் திரும்பி வந்தன'. காகம் என்று நான் எழுதுவது வசதிக்காக. ரூக் என்ற அந்தப் பறவை காக இனம்தான், குளிர்காலத்தில் தெற்கே போய்விட்டு மார்ச் மாதம் திரும்பி வரும். அது வந்து கூடு கட்ட ஆரம்பித்தால் குளிர் முடிந்தது என்று அங்கே கணக்கு. 1871இல் கொஸ்த்ரோமா மாகாணத்தில் மொல்வித்தினோ என்ற கிராமத்துக்குப் போய் இதை வரைய ஆரம்பித்திருக்கிறார். அந்த ஊருக்கு இன்றைக்குப் பெயர் சுசானினோ, சர்ச் இன்னும் நிற்கிறது. அந்தக் குளிர்காலத்தில்தான் பிறந்து கொஞ்ச நாளே ஆன அவருடைய குழந்தை இறந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கூடுகளைப் பழையபடி பார்க்க முடியவில்லை.

சில வருஷங்களுக்கு முன்பு மாஸ்கோ போக ஒரு வாய்ப்பு வந்தபோது, ட்ரெத்யகோவ் காட்சியகத்தில் இந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். என் மனதில் அது பெரிய படமாக இருந்தது. உண்மையில் உயரம் 62 செ.மீ., அகலம் 48.5 செ.மீ., அதாவது விரித்துப் பிடித்த செய்தித்தாளைவிடச் சின்னது. பக்கத்து அறைகளில் சுவர் அளவுக்குப் படங்கள் இருக்கின்றன, இது ஓரமாகத் தொங்கிக்கொண்டு இருக்கிறது, ஆனால் கூட்டம் இதைத் தாண்டிப் போவதில்லை. வழக்கம்போலக் கீழ்ப்பாதியில் ஆரம்பித்தேன். பனியில் வெள்ளை எங்கே என்று தேடினால் வெள்ளை என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லை, சாம்பல், மங்கிய நீலம், மாட்டுச் சாணி கலந்தது மாதிரி ஒரு பழுப்பு. அந்தப் பனியின் மேல் மரங்களின் நிழல் ரொம்ப லேசாக விழுந்திருக்கிறது. வெயில் வந்துவிட்டது என்பதை வானத்தைவிட முன்னால் அந்த நிழல்தான் சொல்கிறது. அதே தரையில், கூட்டத்திலிருந்து பிரிந்து தனியாக ஒரு பறவை அலகில் சுள்ளியோடு நிற்கிறது. என் நோட்டு அட்டையில் அது ஒரு கருப்புப் புள்ளி. எதிரே நின்று பார்த்தபோதுதான் அது சுள்ளி பொறுக்கிக்கொண்டு இருக்கிறது என்று தெரிந்தது. அப்புறம் வேலிக்குப் பின்னால் அடிவானம் வரை போகும் வயல். பனி உருகிய இடத்திலெல்லாம் கருப்பு மண் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. கால் மணி நேரத்துக்கு மேல் நின்றிருப்பேன். அந்த அறைக்குக் காவலாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தார். அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது, நானும் சிரித்தேன்.

இப்படி ஒரு படத்தை வரையலாம் என்ற துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் கலைக் கழகங்கள் ஓவியத்தில் மேல் சாதி கீழ் சாதி பார்த்தன. சரித்திரமும் புராணமும் உச்சத்தில். சமையல்கட்டு, சந்தை, தெரு என்று அன்றாட வாழ்க்கையைக் காட்டும் படங்களும் நிலக்காட்சிகளும் கீழே. 1863இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கலைக் கழகத்தில் தங்கப் பதக்கப் போட்டிக்குக் கொடுத்த தலைப்பு, ஸ்காண்டிநேவியப் புராணத்தில் ஓடின் என்ற கடவுள் வல்ஹாலா மாளிகையில் விருந்துக்கு நுழையும் காட்சி. வெளியே ரஷ்யாவில் பண்ணை அடிமைகளுக்கு விடுதலை கிடைத்து 2 வருஷம்தான் ஆகியிருந்தது. நாங்கள் விரும்பிய விஷயத்தை வரைய விடுங்கள் என்று மாணவர்கள் கேட்டார்கள், கழகம் மறுத்தது, இவான் க்ராம்ஸ்கோய் முன்னால் நிற்க 14 பேர் வெளியேறினார்கள். பதக்கம் வாங்கினால் அரசுச் செலவில் வெளிநாடு போய்ப் படிக்கலாம். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரே வீட்டில் வாடகைக்குச் சேர்ந்து இருந்து, வந்த வேலையைப் பங்கு போட்டுக்கொண்டு பிழைத்தார்கள்.

1870இல் இதன் தொடர்ச்சியாக ஒரு சங்கம் அமைந்தது. ஊர் ஊராகக் கண்காட்சி நடத்துவது அதன் வேலை. ரஷ்ய மொழியில் 'பெரெத்விஷ்னிகி', ஊர் சுற்றுகிறவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். தலைநகரத்துப் பணக்காரர்கள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஓவியத்தைக் கீவ், கார்கிவ் என்று வெளியூர்களுக்குக் கொண்டுபோனார்கள். முதல் கண்காட்சி 1871இல், சங்கம் 1923 வரை நடந்தது. சவ்ராசோவின் காகங்கள் அந்த முதல் கண்காட்சியில்தான் வந்தன. மற்ற நிலக்காட்சிகளில் மரம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, காற்றுகூட இருக்கிறது, ஆனால் ஆன்மா இருப்பது காகங்களில் மட்டும்தான் என்கிற மாதிரி க்ராம்ஸ்கோய் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார்.

இந்த வகை ஓவியங்களைக் 'காலண்டர் படம்' என்று தள்ளுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கதை சொல்கிறது, உருக்குகிறது, புகைப்படம் மாதிரி இருக்கிறது, இதில் ஓவியம் எங்கே என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு பகுதி சரிதான். இந்தக் கூட்டத்திலும் சத்தம் போட்டு அழவைக்கிற படங்கள் இருக்கின்றன, எனக்கும் அவை பிடிக்காது. ஆனால் நல்ல படங்களில் கதை முகத்தில் மட்டும் இருக்காது, காலுக்குக் கீழேயும் இருக்கும். முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவருக்குப் பாதிப் படம்தான் கிடைத்திருக்கிறது.

வசீலி பெரோவின் 'த்ரோய்க்கா'வை எடுத்துக்கொள்ளுங்கள், 1866. த்ரோய்க்கா என்றால் மூன்று குதிரை பூட்டிய வண்டி. படத்தில் குதிரைகள் இருக்க வேண்டிய இடத்தில் 3 பிள்ளைகள். தொழில் பழக என்று பட்டறைகளில் விடப்பட்ட கிராமத்துப் பிள்ளைகள். ஒரு பெரிய மரப் பீப்பாயில் தண்ணீரை வைத்து, சறுக்குவண்டியில் ஏற்றி, கயிற்றை மார்பில் மாட்டிக்கொண்டு பனியில் இழுக்கிறார்கள். இடப்பக்கம் உயரமான மடத்துச் சுவர். முகங்கள் உடனே பிடித்துக்கொள்ளும், நடுவில் நிற்கிற பையன் நம்மை நேராகப் பார்க்கிறான். சரி, முகத்தை விட்டுவிட்டுக் கீழே வாருங்கள். பீப்பாயிலிருந்து சிந்திய தண்ணீர் சிந்தின இடத்திலேயே உறைந்து, பக்கவாட்டில் பனிச்சரமாகத் தொங்குகிறது. அப்படியானால் எவ்வளவு குளிர், வழியில் எவ்வளவு குலுங்கியிருக்கிறது, எவ்வளவு தூரம் இழுத்து வந்திருக்கிறார்கள் என்று எல்லாமே அந்தப் பனிக்கட்டியில் இருக்கிறது. பெரோவ் அதைத் தனியாகக் காட்டவில்லை, அதுபாட்டுக்குத் தொங்குகிறது.

அந்த நடுப் பையனைப் பற்றி பெரோவே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். மற்ற இரண்டு பிள்ளைகளையும் வரைந்து முடித்துவிட்டு, நடுவில் வைக்க ஒரு முகம் கிடைக்காமல் தேடிக்கொண்டு இருந்திருக்கிறார். ஒருநாள் கோயில் யாத்திரைக்கு நடந்து போகிற ஒரு கிராமத்துப் பெண்ணையும் அவள் மகனையும் வழியில் பார்க்கிறார். பையன் பெயர் வாஸ்யா. படம் வரைய உட்காரவைத்தால் பிள்ளைக்கு ஆகாது என்று அந்தத் தாய் பயந்திருக்கிறாள், எப்படியோ பேசிச் சம்மதிக்கவைத்து வரைந்துவிட்டார். சில வருஷம் கழித்து அதே பெண் அவரைத் தேடி வருகிறாள். வாஸ்யா அம்மை கண்டு இறந்துவிட்டான். வீட்டில் இருந்ததையெல்லாம் விற்றுப் பணத்தை எடுத்துக்கொண்டு, மகன் இருக்கிற அந்தப் படத்தை வாங்க வந்திருக்கிறாள். படம் அதற்குள் ஓவியங்களை வாங்கிச் சேர்த்த ட்ரெத்யகோவின் வீட்டுக்குப் போய்விட்டது. பெரோவ் அவளை அங்கே கூட்டிக்கொண்டு போனார். அறையில் இருந்த அத்தனை படங்களில் எது என்று யாரும் காட்டவில்லை, நேராக அதன் முன்னால் போய் நின்றாள், மகனுடைய விழுந்த பல்லைக்கூடக் கண்டுபிடித்துச் சொன்னாள். பிறகு முழங்கால் போட்டுக் கும்பிட ஆரம்பித்துவிட்டாள். பெரோவ் பிறகு வாஸ்யாவைத் தனியாக ஒரு படம் வரைந்து அவளுக்கு அனுப்பினார்.

இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஓவியம் எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்கு ஞாபகம் வருவது அந்தப் பல்தான்.

அப்புறம் ட்ரெத்யகோவ். பாவெல் ட்ரெத்யகோவ் மாஸ்கோவில் துணி வியாபாரி. 1856இலிருந்து தன் நாட்டு ஓவியர்களின் படங்களாகப் பார்த்துப் பார்த்து வாங்கினார். அரசகுடும்பம் வாங்குவதற்கு முன்னால் இவர் ஓவியரின் வீட்டுக்கே போய் ஈரம் காயாத படத்தைப் பார்த்துப் பேசி முடித்துவிடுவார். 1892இல் எல்லாவற்றையும், கட்டடத்தோடு சேர்த்து, மாஸ்கோ நகரத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்.

எல்லாப் படமும் துக்கமானது என்று நினைத்துவிடாதீர்கள். வசீலி பொலேனோவின் 'மாஸ்கோ முற்றம்' 1878இல் வரைந்தது. வாடகைக்கு வீடு தேடி மாஸ்கோவில் அர்பாத் பக்கம் அலைந்தபோது, ஒரு வீட்டு அறைக்குள் நுழைந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறார், பின்பக்கத்து முற்றம் தெரிந்தது, அங்கேயே உட்கார்ந்து வரைய ஆரம்பித்துவிட்டார். புல் வளர்ந்த வெளி, கோழிகள், பூட்டின வண்டியோடு காத்து நிற்கும் குதிரை, வாளியோடு போகும் பெண், பின்னால் வெள்ளைச் சர்ச். புல்லில் உட்கார்ந்து ஒரு சின்னப் பிள்ளை அழுகிறது, யாரும் கண்டுகொள்ளவில்லை. இதன் கீழ்ப்பாதியில் இருப்பது பாதைகள். புல்லுக்கு நடுவில் மஞ்சளாகத் தேய்ந்துபோன நடைபாதைகள், யாரும் போட்டதில்லை, கிணற்றுக்கும் கொட்டகைக்கும் வாசலுக்கும் தினமும் நடந்து நடந்து தானாக விழுந்தவை. எங்கள் ஊரில் வீட்டுக்கும் குழாயடிக்கும் நடுவில் இப்படி ஒரு தடம் இருந்தது. யார் வீட்டுக்கும் யார் வீட்டுக்கும் பேச்சுவார்த்தை உண்டு என்பதைக்கூட இந்த மாதிரித் தடத்தை வைத்துச் சொல்லிவிடலாம்.

ஷிஷ்கினைப் பற்றிச் சொல்லாவிட்டால் சிலர் கோபித்துக்கொள்வார்கள். பைன் காட்டில் கரடிக் குட்டிகள் விளையாடும் 1889ஆம் வருஷத்துப் படம் உலகத்துக்கே தெரியும், ரஷ்யாவில் மிட்டாய்க் காகிதத்தில்கூட வரும். அந்தக் கரடிகளை வரைந்தது ஷிஷ்கின் இல்லை, சவீத்ஸ்கி என்ற இன்னொரு ஓவியர். ட்ரெத்யகோவ் வாங்கியபோது சவீத்ஸ்கியின் கையெழுத்தை அழிக்கவைத்தார். அவர் செய்த காரியங்களில் எனக்குப் பிடிக்காதது இது. கரடிகள் எனக்கு இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி. ஷிஷ்கினில் என்னைப் பிடித்து நிறுத்துவது 1878இல் வரைந்த 'ரை'. விளைந்து நிற்கும் தானிய வயல், நடுவில் புல் மண்டிய வண்டிப்பாதை, அந்தப் பாதையின் மேலே தரையை ஒட்டித் தாழப் பறக்கும் தகைவிலான் குருவிகள். பட்டுப்போன ஒரு பைன் மரமும் நிற்கிறது. குருவி தாழப் பறந்தால் மழை வரும் என்பது அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு.

இனி லெவித்தான். இவரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது.

ஐசக் லெவித்தான் 1860இல் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். மாஸ்கோ ஓவியப் பள்ளியில் சேர்ந்தார், அங்கே நிலக்காட்சி வகுப்பின் ஆசிரியர் சவ்ராசோவ், அதே காகங்களை வரைந்தவர். வசந்தம் வந்துவிட்டால் வகுப்பில் யாரையும் உட்கார விடமாட்டாராம், வயலுக்குப் போங்கள், போய் வரையுங்கள் என்று துரத்திவிடுவாராம். இன்னொரு மாணவரான கொரோவின் இதைப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். 1879இல் ஜார் மன்னரைக் கொல்ல ஒரு முயற்சி நடந்தது. அதற்குப் பிறகு யூதர்கள் மாஸ்கோவில் இருக்கக்கூடாது என்று விரட்டினார்கள், லெவித்தானும் ஊருக்கு வெளியே போக வேண்டியதாயிற்று. அதே வருஷம் வரைந்ததுதான் 'இலையுதிர்கால நாள், சொக்கோல்னிகி'. பூங்காவில் வளைந்து போகும் பாதை, ஓரமெல்லாம் உதிர்ந்த இலை, நடுவில் கருப்பு உடையில் ஒரு பெண் நடந்து வருகிறாள். அந்தப் பெண்ணை வரைந்தது அவர் நண்பர் நிக்கலாய் செகாவ், நம் எல்லோருக்கும் தெரிந்த எழுத்தாளர் செகாவின் அண்ணன். ட்ரெத்யகோவ் வாங்கிய முதல் லெவித்தான் படம் இது. அந்தப் பெண் இல்லாமலே அந்தப் பாதை நின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றும். ஓரங்களில் இலை குவிந்து நடுவில் மட்டும் மண் தெரிகிறது, ஆட்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பதற்கு அதுவே போதும்.

13 வருஷம் கழித்து 1892இல் 'விளாதிமிர்க்கா' வந்தது. வேட்டைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் ஒரு பழைய நெடுஞ்சாலை ஓரம் உட்கார்ந்திருக்கிறார்கள், லெவித்தானும் ஓவியர் கூவ்ஷின்னிக்கோவாவும். நல்ல அமைதியான இடம். திடீரென்று லெவித்தானுக்கு இது எந்தச் சாலை என்று உறைத்தது. விளாதிமிர் சாலை, கைதிகளைக் காலில் விலங்கு போட்டு சைபீரியாவுக்கு நடத்திக் கூட்டிப்போன சாலை. அவர் வரைந்த காலத்தில் கைதிகளை ரயிலில் கொண்டுபோக ஆரம்பித்துவிட்டார்கள், சாலை காலியாகக் கிடந்தது. படத்திலும் காலியாகத்தான் இருக்கிறது. மேலே கனத்த சாம்பல் மேகம், தூரத்தில் பொட்டு மாதிரி ஒரு வெள்ளைச் சர்ச், வலப்பக்கம் கூரை போட்ட ஒரு சிலுவைக் கம்பம், அதன் பக்கத்தில் மூட்டையோடு நிற்கும் யாத்திரைக்காரி ஒருத்தி. விலங்கு இல்லை, போலீஸ் இல்லை, கைதி இல்லை.

கீழ்ப்பாதிக்கு வாருங்கள். நடுவில் வண்டிப்பாதை, சரி. அதன் இரண்டு பக்கமும் ஒற்றையடிப் பாதைகள், ஒன்று இரண்டு இல்லை, பல. புல்லுக்குள் கீறின மாதிரி, சாலையோடு கூடவே ஓடுகின்றன, கொஞ்ச தூரத்தில் ஒன்றோடொன்று சேர்கின்றன, அப்புறம் எல்லாமே அடிவானத்தில் போய் ஒன்றாகிவிடுகின்றன. ஒரு தடம் அப்படி ஆழமாக விழ எத்தனை கால் நடந்திருக்க வேண்டும்! புல் திரும்பவும் முளைக்க முடியாமல் மண் இறுகிப்போயிருக்கிறது. கைதிகளை வரைந்திருந்தால் நாலு பேரையோ நாற்பது பேரையோ பார்த்திருப்போம், பாவம் என்று சொல்லியிருப்போம். இந்தத் தடங்களில் நடந்தவர்களை எண்ணி முடியாது.

அதே 1892இல் யூதர் என்பதற்காக லெவித்தானை மறுபடியும் மாஸ்கோவை விட்டுப் போகச் சொன்னார்கள். நண்பர்கள் பாடுபட்டுத்தான் திரும்பி வர முடிந்தது. படத்தை 1894இல் ட்ரெத்யகோவுக்குக் காசு வாங்காமல் கொடுத்தார். மாஸ்கோவில் இதன் முன்னால் நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

குயின்ஜியை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் என் வாதத்துக்குக் கொஞ்சம் எதிர்ப்பக்கம். 'தினீப்பர் நதியில் நிலவு' என்ற ஒற்றைப் படத்தை மட்டும் வைத்து 1880இல் கண்காட்சி நடத்தினார், அறையை இருட்டாக்கி, மின்விளக்கு ஒளியைப் படத்தின்மேல் விழவைத்து. கூட்டம் தெருவில் வரிசை கட்டியது, படத்துக்குப் பின்னால் விளக்கு ஏதும் ஒளித்து வைத்திருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தார்கள். இளவரசர் ஒருவர் அதை வாங்கி, பிரிய மனமில்லாமல் கடல் பயணத்துக்குக் கூடவே கொண்டுபோனார். வேண்டாம் என்று எவ்வளவோ பேர் சொல்லியும் கேட்கவில்லை. காலப்போக்கில் வண்ணங்கள் கருத்துவிட்டன. இப்போது அந்தப் படத்தின் கீழ்ப்பாதி கிட்டத்தட்ட இருட்டு. அந்த முதல் கூட்டம் பார்த்ததை இனி யாரும் பார்க்க முடியாது என்று நினைக்கும்போது மனசு கனக்கிறது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இணையத்தில் இந்தப் படங்களைத் தேடினால் ஒரே படம் பத்து நிறத்தில் வரும். ஒன்றில் பனி மஞ்சளாக இருக்கும், ஒன்றில் நீலத்தை ஏற்றி வைத்திருப்பார்கள். காட்சியகமே வெளியிட்ட படத்தைப் பாருங்கள், நல்ல துல்லியத்தில் கிடைத்தால் பெரிதாக்கி மூலை மூலையாகப் போங்கள். போனில் பார்க்காதீர்கள். போனில் பார்த்தால் மேல்பாதிதான் தெரியும்.

என் தம்பி மகளுக்கு ஓவியத்தில் ஆர்வம் வரட்டும் என்று நான் முதலில் காட்டியது நிலக்காட்சி இல்லை, பக்தானோவ்-பெல்ஸ்கியின் 'மனக்கணக்கு', 1895. கிராமத்துப் பள்ளி, கரும்பலகையில் ஒரு கணக்கு, 11 பையன்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பலகையில் இருப்பது இதுதான்: 10, 11, 12, 13, 14 இந்த ஐந்து எண்களின் வர்க்கங்களைக் கூட்டி 365ஆல் வகுக்க வேண்டும். பேப்பர் கிடையாது. அவள் பெருக்கிக் கூட்ட ஆரம்பித்தாள், நான் கொஞ்சம் நிறுத்திப் பார் என்றேன். 100, 121, 144, மூன்றையும் கூட்டினால் 365. மீதி 169, 196, கூட்டினால் அதுவும் 365. விடை 2. கண்ணை விரித்தாள் பாருங்கள்! அதற்குப் பிறகு அவளாகவே ஒவ்வொரு பையன் முகமாகப் பார்த்து இவனுக்குத் தெரிந்துவிட்டது, இவனுக்கு இன்னும் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டு போனாள். அந்தப் பள்ளி நிஜமான பள்ளி. ஆசிரியர் ரச்சின்ஸ்கி மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர், டார்வினை ரஷ்ய மொழிக்குக் கொண்டுவந்தவர். வேலையை விட்டுவிட்டுத் தன் கிராமமான தாத்தெவோவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஓவியர் அவருடைய மாணவர், கூலிக்காரப் பெண் ஒருத்திக்குத் தகப்பன் பெயர் இல்லாமல் பிறந்தவர். 1897இல் அவர் வரைந்த இன்னொரு படத்தில், கந்தல் உடுத்திய ஒரு பையன் கையில் கம்போடு, முதுகில் பையோடு பள்ளி வாசலில் நிற்கிறான், முகம் நமக்குத் தெரியாது. உள்ளே பாடம் நடக்கிறது. காலில் மரநாரில் முடைந்த செருப்பு. இன்னும் வாசலைத் தாண்டவில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு 86 ஆகிறது, கண்ணில் புரை எடுத்த பிறகு நன்றாகவே பார்க்கிறார், கால்தான் முன்னைப்போல இல்லை. டேப்லெட்டில் லெவித்தானின் 'மார்ச்' படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். 1895இல், த்வேர் மாகாணத்தில் கோர்க்கா என்ற பண்ணை வீட்டில் தங்கியிருந்தபோது வரைந்தது. மஞ்சள் சுவர் வீடு, பனியில் நீல நிழல், மரத்தின் உச்சியில் பறவைக்கு வைத்த கூண்டு, வாசலில் சறுக்குவண்டி பூட்டின ஒரு குதிரை. ஆசிரியர் சவ்ராசோவ் வரைந்த அதே மாதம், அதே உருகும் பனி, 24 வருஷம் கழித்து மாணவர் கையில். ஆனால் இது வெயில் காய்கிற பனி.

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கீழேயிருந்து பார்க்க ஆரம்பித்தார். பாதையைப் பார்த்தார், நிழலைப் பார்த்தார், இது உச்சிப்பொழுது தாண்டின வெயிலா இல்லை முந்தியா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அப்புறம் குதிரைக்கு வந்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

"கதவு தொறந்து கெடக்கு. குதிரைய அவுக்கல" என்றார். "உள்ள போனவன் இப்ப வந்துருவான்."

வேறு படம் காட்டலாம் என்று கை நீட்டினேன். தரவில்லை.

"இரு, வரட்டும்" என்றார்.